சுக்கிரன் சொன்ன நேரத்துக்கு வந்தது

புதுச்சேரிக்கென்று தனியாக ஒரு விண்வெளித் திட்டம் இருந்தது என்று சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை. கடற்கரைச் சாலையில் வானத்தைப் பார்த்தபடி மல்லாந்து கிடப்பவர்கள் ஊரில் உண்டுதான். அவர்கள் அந்த நிலைக்கு வந்து சேர்ந்த வழி வேறு. ஆனால் திட்டம் இருந்தது. ஸ்ரீஹரிகோட்டாவில் முதல் ராக்கெட் கிளம்புவதற்கு இருநூறு வருடம் முன்பே இருந்தது. ராக்கெட்டுக்குப் பதில் பாய்மரக் கப்பல், குழுவில் ஒரே ஒரு ஆள், காலம் பதினொன்றரை வருடம், பலன் முட்டை.

ஆளின் பெயர் கியோம் லெ ஜான்தி. நார்மண்டிக்காரர். பாதிரியார் ஆவதற்காக இறையியல் படிக்கப் போனவர், பாரிஸில் ஒரு வானியல் பேராசிரியரின் வகுப்பில் எட்டிப் பார்த்துவிட்டுக் கர்த்தரை விட்டு நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டார். 1749-ல் ஆண்ட்ரோமீடாவுக்குப் பக்கத்தில் இன்று எம்32 என்று அழைக்கப்படும் குட்டி கேலக்ஸியைக் கண்டுபிடித்தார். அதோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார்.

அப்போது ஐரோப்பாவின் தலையாய கேள்வி, சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. அதற்கு எட்மண்ட் ஹாலி 1716-லேயே ஒரு வழி சொல்லியிருந்தார். வெள்ளிக் கிரகம் அபூர்வமாகச் சூரியனுக்கும் நமக்கும் நடுவே குறுக்கே போகும். சூரியன் முகத்தில் ஒரு மச்சம் மாதிரி, ஆறு மணி நேரம் ஊர்ந்து மறையும். பூமியின் பல மூலைகளில் ஆட்களை நிறுத்தி, அது உள்ளே நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் குறித்தால், ஊருக்கு ஊர் இருக்கும் வித்தியாசத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். சிக்கல் என்னவென்றால் இந்தக் கடப்பு எட்டு வருட இடைவெளியில் ஜோடியாக வரும், பிறகு நூறு வருடத்துக்கு மேல் வராது. 1761 ஜூன் 6, 1769 ஜூன் 3-4. இரண்டே சான்ஸ். ஹாலி 1742-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். வேலையைச் சொல்லிவிட்டு நேரத்தில் நழுவுவது மேலதிகாரிகளுக்கு அன்றே கைவந்திருக்கிறது.

பாரிஸ் அறிவியல் அகாடமி ஆட்களைப் பிரித்து அனுப்பியது. ஷாப் என்பவருக்கு சைபீரியா. அங்கே ஆற்றில் வெள்ளம் வந்தபோது, இந்த அந்நியன் சூரியனை நோண்டுவதால்தான் என்று ஜனங்கள் கிளம்ப, அவருக்குக் காவல் போட வேண்டியிருந்தது. லெ ஜான்திக்குக் கிடைத்ததோ பாண்டிச்சேரி. சொந்தக் கொடி பறக்கிற ஊர், சொந்த மொழி பேசும் கவர்னர், ஜூன் மாத வெயில். குழுவிலேயே அதிர்ஷ்டசாலி இவர்தான் என்று மற்றவர்கள் வயிறெரிந்திருப்பார்கள்.

1760 மார்ச்சில் பிரான்ஸை விட்டுக் கிளம்பினார், ஜூலையில் மொரீஷியஸ். அங்கே வைத்துத்தான் தெரிந்தது, ஏழாண்டுப் போர் வழியை அடைத்திருக்கிறதென்று. பாண்டிச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகை போட்டிருந்தார்கள். மொரீஷியஸில் மாதக்கணக்கில் கப்பலுக்குக் காத்திருந்து, 1761 மார்ச்சில் ஒருவழியாக ஒரு போர்க்கப்பலில் தொற்றிக்கொண்டார். காற்று ஒத்துழைக்கவில்லை, கடலில் அலைந்து அலைந்து மே 24 அன்று மாஹே பக்கம் வந்தபோது செய்தி வந்தது. மாஹே போயிற்று. பாண்டியும் ஜனவரியிலேயே போயிற்று.

போயிற்று என்றால் சும்மா போகவில்லை. பிரெஞ்சுத் தளபதி லாலி சரணடைந்த பிறகு ஆங்கிலேயர் கோட்டையை இடித்தார்கள், மதிலை இடித்தார்கள், கவர்னர் மாளிகையையும் தரைமட்டமாக்கினார்கள். கடலூரில் அவர்களுடைய கோட்டையை லாலி இடித்ததற்குப் பழி. கால் நூற்றாண்டாக ஊரில் நடந்த ஒவ்வொரு சங்கதியையும், யார் யாருக்கு என்ன நஜர் வைத்தார்கள் என்பது உட்பட, நாட்குறிப்பில் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை, சரணடைவதற்குச் சில நாட்கள் முன்பு கண்ணை மூடிவிட்டார். இல்லாவிட்டால் இந்த வானியல் கூத்துக்கு நமக்கு ஒரு முதல்தர சாட்சி கிடைத்திருக்கும்.

கப்பல் திரும்பியது. ஜூன் 6 அன்று வானம் பளிச்சென்று இருந்தது. வெள்ளி சொன்ன நேரத்துக்குச் சூரியனுக்குள் நுழைந்தது. லெ ஜான்தி இந்துமாக்கடல் நடுவே, ஆடுகிற தளத்தில் நின்று அதைப் பார்த்தார். பார்த்து என்ன பிரயோஜனம்? கப்பல் ஆட்டத்தில் ஊசல் கடிகாரம் ஓடாது. தான் நிற்கும் தீர்க்கரேகை எது என்றே திட்டமாகத் தெரியாது. இடமும் நேரமும் தெரியாமல் எடுத்த அளவைக் கணக்கில் சேர்க்க முடியாது. அதே நாளில் சென்னை ஜார்ஜ் கோட்டையில் ஹிர்ஸ்ட் என்ற பாதிரியார் கவர்னர் மாளிகை மாடியில் ஏறி நின்று, கவர்னரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாவகாசமாக எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஆக, பாதிரியார் வேலையை விட்டு வானியலுக்கு வந்தவருக்குக் கிட்டாதது, பாதிரியாராகவே இருந்தவருக்குக் கிட்டியது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி நம் சினிமாக்காரர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. விண்வெளிப் படம் என்றால் ஆபத்து எப்போதும் மேலேயிருந்துதான் வருகிறது. 1963-ல் ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பறக்கும் தட்டில் வந்து பானுமதியைத் தூக்கிப் போனார்கள், பாட்டு கற்றுக்கொள்வதற்காக. எம்.ஜி.ஆர். போய் மீட்டு வந்தார். 2018-ல் ‘டிக் டிக் டிக்’கில் விண்கல் ஒன்று, உலகத்தில் அத்தனை இடம் இருக்க, நம் பக்கமாகக் குறிபார்த்து வந்தது. ‘அயலா’னில் வேற்றுக்கிரகவாசி சிவகார்த்திகேயனோடு கூட்டுச் சேர்ந்தார். எல்லாம் ரசித்தேன். ஆனால் நிஜத்தில் விண்வெளிக்காரனுக்கு மேலேயிருந்து ஒரு தொந்தரவும் வருவதில்லை. கோள்கள் ரயில்வே அட்டவணையைவிட ஒழுங்காக ஓடுகின்றன. தொந்தரவெல்லாம் கீழே: யுத்தம், கவர்னர், தபால், ஆபீஸ், சொந்தக்காரர்கள். லெ ஜான்தி கதையைப் படமாக எடுக்க யாரும் முன்வராததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். வில்லன் வேஷத்துக்கு மாவட்ட ஆட்சியரையும் தபால்காரரையும் போட்டால் கிராபிக்ஸுக்கு வேலை ஏது? நம் ஊருக்கு வருகிற படப்பிடிப்புக் குழுக்களும் மஞ்சள் சுவர் முன்னால் டூயட் எடுத்துவிட்டுப் போய்விடுகின்றன. உலக சினிமாவில் பாண்டிச்சேரியின் பங்கு ‘லைஃப் ஆஃப் பை’யின் புலியோடு முடிந்தது.

லெ ஜான்தி ஊருக்குத் திரும்பவில்லை. எட்டு வருடம்தானே, இருந்தே பார்த்துவிட்டுப் போகலாம் என்று முடிவெடுத்தார். 2024-ல் சுனிதா வில்லியம்ஸ் எட்டு நாள் என்று போய் ஒன்பது மாதம் விண்வெளி நிலையத்தில் மாட்டிக்கொண்டபோது நாமெல்லாம் டீக்கடையில் உருகினோம். இவர் தானே போய் எட்டு வருடம் மாட்டிக்கொண்டார், உருக ஆளில்லை.

மடகாஸ்கர் கரையோரத்துக்கு வரைபடம் போட்டுப் பொழுதைக் கழித்தார். இரண்டாவது கடப்பு எங்கே நன்றாகத் தெரியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, மணிலாதான் உத்தமம் என்று 1766-ல் அங்கே போய் இறங்கினார். மணிலாவின் ஸ்பானிய கவர்னருக்கு இவர்மேல் ஒரே சந்தேகம். ஸ்பெயின் அரசவையிலிருந்து சிபாரிசுக் கடிதம் வரவழைத்துக் காட்டினார். கடிதம் இவ்வளவு சீக்கிரம் வர வாய்ப்பே இல்லை, ஆகவே இது போலி என்றார் கவர்னர். தபால் தாமதமானதால் கெட்டவர்கள் கோடிப் பேர். தபால் சீக்கிரம் வந்ததால் கெட்டவர் சரித்திரத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். பாரிஸ்காரர்களும் பாண்டிச்சேரியே தேவலை என்று எழுதினார்கள். 1763 ஒப்பந்தப்படி ஊர் மறுபடியும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்தது. 1768 மார்ச் 27 அன்று லெ ஜான்தி ஒருவழியாகப் பாண்டிச்சேரியில் காலை வைத்தார். கிளம்பி எட்டு வருடம் ஆகியிருந்தது.

அப்போது கவர்னர் ழான் லா தெ லொரிஸ்தோன். இவருடைய பெரியப்பா கொஞ்சம் பிரபலம்: காகிதப் பணத்தை அச்சடித்து, மிசிசிப்பி கம்பெனி என்று ஒன்றை ஊதிப் பெரிதாக்கி, 1720-ல் பிரான்ஸையே மொட்டையடித்த ஜான் லா. குடும்பப் பெயரைக் காப்பாற்றுவதற்காகவோ என்னவோ, கவர்னர் விஞ்ஞானத்துக்கு அள்ளிக் கொடுத்தார். இன்று பாரதி பூங்கா இருக்கும் வட்டாரத்தில்தான் பழைய கோட்டை இருந்தது. அதன் இடிபாட்டின்மேலேயே ஓர் ஆய்வுக்கூடம் எழும்பியது. கீழ்த்தளம் காலியாக இருக்கிறதே என்று அரசாங்கம் அங்கே வெடிமருந்தை அடுக்கிவைத்தது. மேலே தொலைநோக்கி, கீழே வெடிமருந்து; பாண்டியில் ராக்கெட் தொழில்நுட்பத்துக்கு மிக நெருக்கமாக யாராவது போயிருந்தால் அது இந்த ஏற்பாடுதான். நல்ல தொலைநோக்கி ஒன்று வேண்டுமே என்றபோது அனுப்பிவைத்தது யார் என்கிறீர்கள்? ஊரை இடித்த அதே சென்னை ஆங்கிலேயர்.

கடப்புக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. சும்மா இருக்க முடியாத மனிதர். விராம்பட்டினம் பக்கம் கிடந்த புத்தர் சிலையைப் பார்த்து எழுதிவைத்தார். உள்ளூர்ப் பஞ்சாங்கக்காரர்களைப் பிடித்து, கிரகணம் எப்படிக் கணிக்கிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் தரையில் உட்கார்ந்து சோழிகளைப் பரப்பினார்கள். தாளில்லை, எழுதுகோலில்லை. சந்திரனின் ஓட்டத்தை 248 வாக்கியங்களில் அடக்கி, எண்களை எழுத்தாக்கி, மனப்பாடமாக வைத்திருந்தார்கள். வாயால் வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே கையால் சோழியைத் தள்ளித் தள்ளி, 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்திருக்கும் என்று போட்டுக் காட்டினார்கள். நிஜத்துக்கும் அவர்கள் கணக்குக்கும் வித்தியாசம் 41 விநாடி. அந்நாளில் ஐரோப்பாவே தலையில் வைத்துக் கொண்டாடிய தோபியாஸ் மேயரின் அட்டவணையில் வித்தியாசம் 68 விநாடி.

இதைப் படித்ததும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றும். தூக்கிக்கொள்ளலாம், முழுக்க வேண்டாம். 1825-ல் ஜான் வாரன் என்பவர் இதே புதுச்சேரியில் இன்னொரு பஞ்சாங்கக்காரரை உட்காரவைத்துப் பார்த்தார். அவரும் சோழியால் கிரகணம் தொடங்கும் நேரத்தைச் சில நிமிஷப் பிசகோடு சொல்லிவிட்டார். ஆனால் அந்த வாக்கியங்களுக்கு அடியில் இருக்கும் வானியல் அவருக்குத் தெரியாது. எப்போது என்று கேட்டால் தெரியும். ஏன் என்று கேட்டால் தெரியாது. எப்போதோ யாரோ மண்டையை உடைத்துச் செய்த ஆராய்ச்சியைப் பின்னால் வந்தவர்கள் மனப்பாடமாக்கி, கேள்வி கேட்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். விளைவு, நம் யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த திருநள்ளாறுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி ஸ்தம்பித்துப்போகின்றன, நாசா அதிர்ந்துவிட்டது என்று இன்றும் வாட்ஸ்அப்பில் வருகிறது. செயற்கைக்கோள் ஸ்தம்பித்தால் அது கீழே விழும். சனி பகவானைக் கும்பிட வருகிறவர்கள் தலையில் சனி பகவானே எதையாவது போடுவாரா? இவ்வளவுதான் யோசிக்க வேண்டியது. 41 விநாடிப் பிசகில் கணக்குப் போட்ட ஊரில் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் லெ ஜான்தி அந்தப் பஞ்சாங்கக்காரர்களிடம் கேட்கவில்லை: நாள் எப்படி? கேட்டிருந்தால் வயிற்றில் புளியைக் கரைத்திருப்பார்கள். வெள்ளி சூரியனுக்கு நேர்முன்னே வரும் நாள் என்றால் சுக்கிர மூடம். நல்ல காரியம் எதுவும் தொடங்கக் கூடாது. போதாததற்கு வக்ரம் வேறு. அமாவாசை வேறு, அன்றே ஐரோப்பாவில் சூரிய கிரகணமும் இருந்தது. இன்னொரு ஜோசியரோ அதே கட்டத்தைப் பார்த்து, வைகாசி மாதம், ரிஷபத்தில் சுக்கிரன், சொந்த வீடு, ஆட்சி, ஜமாய்த்துவிடுவீர்கள் என்றிருப்பார். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ராகுகாலமும் இல்லை, எமகண்டமும் இல்லை. எது நடந்தாலும் யாராவது ஒரு ஜோசியர் சரியாகச் சொன்னவராக இருப்பார். அந்தத் தொழிலின் அழகே அது.

1769 மே மாதம் முழுக்கக் காலை வானம் கண்ணாடி. ஜூன் 3 இரவு கவர்னரும் அவரும் சேர்ந்து வியாழனின் துணைக்கோளைப் பார்த்தார்கள், அவ்வளவு தெளிவு. வெள்ளி நள்ளிரவுக்குப் பிறகே சூரியனுக்குள் போய்விடும். பாண்டியில் சூரியன் உதிக்கும்போது மச்சத்தோடு உதிக்கும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் பார்க்கலாம், வெளியேறும் கணத்தைக் குறிக்கலாம். அதற்குத்தான் ஒன்பது வருடம். பின்னிரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தார். மேகம். ஐந்து மணிக்குக் காற்று கிளம்பியது. கலைக்கும் என்று நினைத்தார். அது இன்னும் நாலு மேகத்தைக் கூட்டி வந்தது. சூரியன் உதித்தது என்பது வெளிச்சத்தை வைத்து ஊகித்த செய்திதான். ஏழு மணி வாக்கில் வெள்ளி வேலையை முடித்துக்கொண்டு வெளியேறியது. சற்று நேரத்தில் மேகம் விலகி, சூரியன் சிரித்துக்கொண்டு வெளியே வந்து, அன்று முழுவதும் அப்படியே நின்றது. பாண்டி வெயில் வேண்டாதபோது எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மணிலாவில் அன்று காலை வானம் சுத்தமாக இருந்தது.

இரண்டு வாரம் மனிதர் பேனாவைத் தொடவில்லை. பிறகு சீதபேதி. கலிபோர்னியாப் பக்கம் போன அவருடைய சகா ஷாப், கடப்பை அருமையாகப் பார்த்து முடித்துவிட்டு, அங்கே பரவிய காய்ச்சலில் ஆகஸ்டிலேயே செத்துப்போனார். பார்த்தவர் பிழைக்கவில்லை, பிழைத்தவர் பார்க்கவில்லை. உலகம் முழுவதிலிருந்தும் வந்த அளவுகளைக் கூட்டிக் கழித்து, சூரியனின் தூரம் 15.3 கோடி கிலோமீட்டர் என்று வானியலாளர் லலாந்து 1771-ல் சொன்னார். இன்றைய கணக்கு 14.96 கோடி. பாண்டிச்சேரியின் பங்களிப்பு இல்லாமலே அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

1770-ல் ஊர் திரும்பக் கப்பல் ஏறினார். ஆப்பிரிக்காவின் தென்முனைப் பக்கம் புயல் அடித்து, கப்பல் சிதைந்து, மொரீஷியஸுக்கே திரும்பியது. கடைசியில் ஒரு ஸ்பானியக் கப்பலில் காடிஸ் போய், பிரனீஸ் மலையைத் தாண்டி, 1771 அக்டோபரில் பிரான்ஸுக்குள் நுழைந்தார். அங்கே அவர் செத்துப்போயிருந்தார். அனுப்பிய கடிதங்கள் போய்ச் சேராததால் வாரிசுகள் அவரைக் காலமானவர் என்று தீர்மானித்து, சொத்துக்குப் பாகப் பிரிவினை பேசிக்கொண்டிருந்தார்கள். அகாடமியில் அவருடைய நாற்காலியில் வேறொருவர். அவர் பணத்தைப் பார்த்துக்கொண்ட காரியஸ்தரிடம் பணம் காணோம். வழக்குப் போட்டார், தோற்றார், செலவையும் அவரே கட்டினார். நம்மூரில் பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் வருஷா வருஷம் ‘நான் உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று சான்றிதழ் அனுப்பும்போது சலித்துக்கொள்வார்கள். லெ ஜான்தி கதையைக் கேட்டால் சலிக்கமாட்டார்கள். பாரிஸ்காரர்களைப் பொறுத்தவரை, காகிதம் வரவில்லையென்றால் ஆள் காலி.

முடிவு அவ்வளவு மோசமில்லை. ராஜா தலையிட்டு அகாடமியில் இடம் கிடைத்தது. கல்யாணம் செய்துகொண்டார், ஒரு பெண் குழந்தை பிறந்தது, பயணக் கதையை இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதினார், 1792 அக்டோபரில் இறந்தார். அந்தத் தடவை நிஜமாகவே.

காலம் மாறிவிட்டது, இப்போதெல்லாம் அப்படி நடக்குமா என்று கேட்கலாம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2022-ல் செவ்வாய்க்கு ஒரு ஊர்தி அனுப்பத் தயாராக இருந்தது, ரஷ்ய ராக்கெட்டில். உக்ரைன் போர் வெடித்தது, ராக்கெட் கூட்டு முறிந்தது. இப்போது 2028 என்கிறார்கள். செவ்வாய் தன் இடத்துக்கு 2022-ல் ஒழுங்காக வந்துவிட்டுப் போனது. ஆகவே விண்வெளி ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணம் வீண் என்று யாராவது கடற்கரையில் வாதாடினால் நான் சண்டைக்குப் போவேன். வீணாகிறது மேலே போகும் பணமல்ல, கீழே வெடிக்கும் பணம்.

வரலாறு லெ ஜான்திக்கு ஓர் ஆறுதல் பரிசு கொடுத்தது: நிலவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர். நிலவின் தென்கோடியில் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியதும் நிலவின் தெற்கில்தான். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். பாண்டியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் சொச்சம். லெ ஜான்தி கடைசிவரை ஒரு ஒழுங்கான கப்பல் கிடைக்காமல் அலைந்தார். பக்கத்து ஊர்க்காரர் கூட்டாளிகளோடு சேர்ந்து சொந்தமாகவே ஒன்றைச் செய்து அனுப்பிவிட்டார்.

அடுத்து நம் ஆட்கள் கை வைக்கப்போவது அதே வெள்ளியில். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 1,236 கோடி ரூபாயில் அனுமதி கொடுத்துவிட்டது, 2028 மார்ச்சில் கிளம்ப வேண்டும். நேரடியாகவே போய்ப் பார்த்துவிடுவதால் மேகத்தைப் பற்றிக் கவலையில்லை என்று நினைக்காதீர்கள். வெள்ளி முழுக்கவே மேகத்துக்குள்தான் இருக்கிறது. நல்லவேளை, ராடார் கொண்டுபோகிறார்கள்.

தரையில் நின்றே பார்ப்பேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: 2004, 2012 ஜோடி முடிந்துவிட்டது. அடுத்த கடப்பு 2117 டிசம்பர் 11. புதுச்சேரியில் சூரியன் உதிக்கும்போதே தொடங்கியிருக்கும், முற்பகல் பதினொன்று வரை நீளும். லெ ஜான்திக்குக் கிடைத்திருக்க வேண்டியதைப்போல நாலு மடங்கு நேரம். ஆனால் டிசம்பர் 11 என்றால் கார்த்திகை மாதம். வங்கக்கடலில் தாழ்வு மண்டலங்கள் வரிசையில் நிற்கும் பருவம். 2024-ல் ஃபெஞ்சல் புயல் ஊரை முக்கி எடுத்ததும் அதற்குப் பதினோரு நாள் முந்தைய தேதியில்தான். வெள்ளி வந்துவிடும், அதில் சந்தேகமே வேண்டாம். பேரப் பிள்ளைகளிடம் சொல்லி, அவர்கள் பேரப் பிள்ளைகளுக்கு இப்போதே மணிலாவில் ரூம் போடச் சொல்லிவிடுங்கள்.